பாளை சமாதானபுரம் டிவி சர்வீஸ் கடை, நம்பிப் போலாம்

டிவில சத்தம் வருது படம் வரலன்னா உடனே எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிராதீங்க, ஒருதரம் இந்தக் கடைல காட்டிருங்க. எங்க வீட்டு 43 இஞ்சுக்கு கம்பெனி ஆளு வந்து பேனல், அதான் படம் தெரியுத திரை, போயிட்டு, புதுசே வாங்கிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இங்க அண்ணாச்சி ரூம் லைட்ட அணைச்சுட்டு ஸ்க்ரீன்ல டார்ச் அடிச்சுக் காட்டுதாரு, உள்ள நியூஸ் வாசிக்க ஆளு மங்கலா தெரியுது! பேனல் நல்லாத்தான் இருக்கு, அதுக்குப் பின்னாடி வெளிச்சம் குடுக்க பேக்லைட்தான் அவுட்டு. கழட்டிப் பாத்தா எல்இடி வரிசையா இருக்க ஸ்ட்ரிப்ல ஒரே ஒரு எல்இடி கருகிக் கெடக்கு, கோயில் கொடைக்குப் போடுற சீரியல் செட் மாதிரி ஒண்ணு போனா வரிசையே போயிருமாம். மொத்த ஸ்ட்ரிப்பையும் மாத்திட்டு பழசையும் கைல குடுத்துட்டாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரு கழட்டிப் போட்டுட்டு சொன்ன விளக்கம்தான். டிவி மேல ஜப்பான் பேரு, உள்ள பேனல் ஸ்டிக்கர்ல சைனா கம்பெனி பேரு. "தம்பி, பேரப் பாத்து வாங்குற காலம்லாம் முடிஞ்சு போச்சு"ன்னாரு.

உண்மைதான. சோனி 1968ல ட்ரினிட்ரான்ங்குற பிக்சர் டியூப் கொண்டுவந்து டியூப் டிவில ராஜாவா இருந்தாங்க, அந்த டியூப் நல்லா ஓடுனதாலயே பிளாட் பேனலுக்கு லேட்டா வந்து 2004ல சாம்சங் கூட சேந்து பேனல் ஃபேக்டரி போடவேண்டியதாப் போச்சு. ஜப்பான்காரங்க எல்லார்ட்டயும் கேட்டு, எல்லாரும் சம்மதிச்சாத்தான் முடிவெடுப்பாங்க, ஆள வேலைய விட்டு அனுப்பவும் லேசுல மனசு வராது, அது மனுசத்தன்மைதான் ஆனா வருசத்துக்கு வருசம் வெல எறங்குற தொழில்ல தாங்கல. கொரியால முதலாளி குடும்பம் சொன்னா அன்னைக்கே நடக்கும். 1995ல சாம்சங் சேர்மன் போன் குவாலிட்டி சரியில்லன்னு ஒன்றரை லட்சம் பீஸ குமிங்குற ஊரு ஃபேக்டரில வேலக்காரங்க கண்ணு முன்னாடியே போட்டு எரிக்கச் சொன்னாரு! சைனா கத வேற, அங்க ஊரு நிர்வாகமே பணத்தக் கொட்டும், 2008ல ஹெஃபெய் நகரம் பேனல் செய்யுற பிஓஇ கம்பெனிக்கு அப்படித்தான் போட்டுச்சு, அந்த வெலைக்கு யாரு நிக்க முடியும்? தைவான்காரன் தன் பேரே இல்லாம அடுத்தவனுக்கு செஞ்சு குடுத்தே வளந்தான், டிவிக்கு திருகுற குமிழ் செஞ்சு ஆரம்பிச்ச ஃபாக்ஸ்கான் 2016ல ஜப்பான் கம்பெனி ஷார்ப்பையே வாங்கிட்டு. ஜப்பான் தோஷிபா டிவி இப்போ சைனாவோட ஹைசென்ஸ் கைல.

அதான் சொல்லுதேன், புதுசு வாங்கப் போறவங்களும் மொதல்ல அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, எதுக்கு ஸ்ட்ரிப் கெடைக்கும் எதுக்கு போர்டு கெடைக்காதுன்னு ஒளிக்காம சொல்லுவாரு. கூட்டம் ஜாஸ்தி, அன்னைக்கே கெடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஸ்க்ரீனே ஒடஞ்சிருந்தா தூக்கிட்டு அலையாதீங்க, பேனல் வெலையே புது டிவிகிட்ட வந்துரும், அத அவரே வாசல்ல வச்சு சொல்லி அனுப்பிருவாரு.