ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு ஐஸ்லாந்து போய் வந்தோம். ஊர் திரும்பிய பிறகு, கார் வாடகை நிறுவனம் என் கிரெடிட் கார்டிலிருந்து கிட்டத்தட்ட வாடகைக்குச் சமமான தொகையைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டது. முன் பம்பரைச் சேதப்படுத்திவிட்டோம் என்று மின்னஞ்சலில் ஒரு படம். அடுத்த கோடைக்கு நிறையப் பேர் திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து ஷட்டில் பஸ் ஏறிப் போக வேண்டிய அலுவலகம் அது. காரை அப்போதுதான் கழுவி ஈரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். ஈரத்தில் கீறல் கண்ணில் படாது. துடைத்துப் பார்த்து, பம்பரில் ஏற்கெனவே இருந்த கீறல்களைக் காட்டினேன். "இவ்வளவு சிறியதற்கெல்லாம் காசு கேட்க மாட்டோம்" என்று சொன்ன ஊழியர், சேதக் குறிப்புத் தாளில் எழுத மறுத்துவிட்டார். நான் காரைச் சுற்றி வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். திரும்பக் கொடுத்தது அதிகாலையில். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். வண்டியைப் பார்க்க ஆளே இல்லை.

அவர்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முன் டயரில் இரும்பு ஆணிகள்! பனிக்காலத்துக்கான ஆணி டயர்களுக்கு ஐஸ்லாந்தில் பொதுவாக நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரைதான் அனுமதி. எங்களுக்குத் தந்ததோ சாதாரண டயர் போட்ட கார். நாங்கள் அந்த வண்டியைத் தொடுவதற்குப் பல மாதங்கள் முன்பே எடுத்த படம் அது. அதே கீறலுக்கு எங்களுக்கு முன்னால் எத்தனை குடும்பங்களிடம் வசூலித்தார்களோ, நினைத்தாலே கொதிக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. வங்கியில் டிஸ்ப்யூட் போட்டு, என் வீடியோவையும் அவர்கள் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பணம் வந்துவிட்டது. செலாவணி மாற்றத்துக்குப் பிடித்தது வரவில்லை.

முன்பதிவுத் தளம் 'முழுக் காப்பீடு' என்று விற்றதையும் நம்ப வேண்டாம். நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்து வாங்க வேண்டிய வகை அது. கவுன்டரில் அதைக் கண்டுகொள்ளாமல் கார்டில் பெரிய தொகையை முடக்கி வைத்தார்கள். அந்த நாட்டில் அடிப்படைக் காப்பீட்டோடு, சரளைக்கல் சேதத்துக்கும் மணல், எரிமலைச் சாம்பல் சேதத்துக்கும் பெரும்பாலும் தனித்தனியாகக் காசு. வீக் ஊருக்குக் கிழக்கே மீர்டால்சாந்துர் என்ற கருமணல் வெளியைச் சாலை கடக்கிறது. பலத்த காற்று எழுந்தால் மணல் காரின் பெயின்டையே உரித்துவிடும், அதனால் தெற்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு இந்த மணல் காப்பீடு வீண் செலவு அல்ல. காற்று இழுத்துக் கதவு மடங்கினாலும், எஃப் எண் கொண்ட மலைச் சாலைகளில் ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தாலும், பெரும்பாலான காப்பீடுகள் ஒரு குரோனாகூடத் தராது. அந்தச் சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே அனுமதி.

அதிகாலை விமானம் என்றால் முந்தைய மாலையே, அலுவலகம் திறந்திருக்கும்போது காரைக் கொடுத்துவிட்டு கெஃப்லாவிக்கிலேயே தங்குங்கள். 'புதிய சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.