தி ஈவில் வித்தின் 2: யூனியன் ஊரின் வீடுகளும் அந்த முணுமுணுப்பும்

பொள்ளாச்சியில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்து கேட்டான்: "மாப்ள, ஈவில் வித்தின் 2 தள்ளுபடில கிடக்குது, வாங்கட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 2017 அக்டோபரில் வந்த திகில் வீடியோ கேம். ஒருமுறை முடித்துவிட்டு, இப்போது கிளாசிக் மோட் என்ற கடினமான முறையில் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். கதை என்ன, கிராஃபிக்ஸ் எப்படி என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது அனிமாவைப் பற்றித்தான்.

2014இல் வந்த முதல் பாகத்தை ஆடியவர்களுக்கு டெபுஸியின் 'கிளேர் டி லூன்' என்ற பியானோ இசை மறந்திருக்காது. எங்கோ ஒரு மூலையில் அது மெல்லக் கேட்டால் பக்கத்தில் கண்ணாடி இருக்கிறது, சேவ் பண்ணலாம், மூச்சு விடலாம் என்று அர்த்தம். அந்த ஆட்டம் முழுக்க நம் காதை அப்படிப் பழக்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் அதே மெட்டை ஒரு பெண் பேய் முணுமுணுத்துக்கொண்டு வருகிறது. அதுதான் அனிமா. நிம்மதிக்கு அடையாளமாக இருந்த இசையை எடுத்து அப்படியே பயத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாகத்தை இயக்கியவர் ஷின்ஜி மிகாமி, இதை இயக்கியவர் ஜான் ஜோஹானஸ். குருவிடமிருந்து வாங்கியதை இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்திவிட முடியாது.

அதை வைத்திருக்கும் இடம் இன்னும் பிரமாதம். கதை நடக்கும் யூனியன் என்ற கற்பனை ஊரில் வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுக்குள்ளும் போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தோட்டா செய்யக் கொஞ்சம் வெடிமருந்துப் பொடி கிடைக்குமே என்று நாமாகத்தான் கதவைத் திறக்கிறோம். அப்படிப் போன ஒரு வீட்டில்தான் அந்த முணுமுணுப்பு. துப்பாக்கி வேலைக்கு ஆகாது, ஒளிந்து ஒளிந்து வெளியேற வேண்டியதுதான். அதற்கப்புறம் எந்த வீட்டுக் கதவின் முன் நின்றாலும் கை தயங்குகிறது. நம்மை யாரும் தள்ளிவிடவில்லை, நாமே தேடிப் போனோம் என்பதால் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பனைமரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். கணவாய்க் காற்றில் ராத்திரி முழுக்க ஓலை சலசலக்கும், பனங்காட்டு நரிபோல அதெல்லாம் பழகிப்போய்விட்டது. ஆனாலும் அன்று ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

கம்யூனிகேட்டர் என்ற சிக்னல் பிடிக்கும் கைக்கருவியையும் சொல்லியாக வேண்டும். சிக்னலைப் பிடித்துக்கொண்டே போனால், செத்துப்போனவர்களின் கடைசி நிமிடங்கள் நிழலுருவமாக ஓடும். பெயர்கூடத் தெரியாத ஒருவர் உதவி கேட்டு அழுவதைக் கேட்டுவிட்டு, தோட்டாவை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மகள் லில்லியைத் தேடும் செபாஸ்டியன்தான் நாம் ஆடும் நாயகன்; அவன் வலி பெரிய காட்சிகளைவிட இந்தச் சின்ன இடங்களில்தான் எனக்குத் தைத்தது.

இவ்வளவு செய்தவர்கள் பாதி வழியில் இதையெல்லாம் ஏன் கைவிட்டார்கள்? இதுதான் என் கோபம். கேமராவோடு திரியும் வில்லன் ஸ்டெஃபானோ இருக்கும்வரை ஊர் நம்முடையது. எந்தப் பக்கம் போவது, எதை விடுவது என்று நாமே முடிவு செய்யலாம். அவன் போய் அடுத்த வில்லன் ஃபாதர் தியடோர் வந்ததும் பாதை குறுகிவிடுகிறது. இந்தக் கதவு, அந்தத் தாழ்வாரம், நெருப்பு, மறுபடி கதவு. முதல் பாகத்துப் பழைய பூதங்களைக் கொண்டுவந்து மறுபடி சண்டை போட வைக்கிறார்கள். ஸ்டெஃபானோ மாதிரி ஒரு வில்லனைப் படைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தேவையே இல்லை.

இன்னொன்று, பின்னாலிருந்து கத்தியால் குத்துவது. சத்தமில்லாமல் பூனை நடை நடந்து, முதுகுக்கு ஒரு சாண் தூரம் போன பிறகும் சில சமயம் குத்துவதற்கான பட்டன் திரையில் தோன்றாது. அதற்குள் அந்தப் பூதம் திரும்பிவிடும். சாதாரண மோடில் பரவாயில்லை. கிளாசிக் மோடில் ஆட்டோ சேவ் கிடையாது, அப்கிரேடு கிடையாது, மொத்தமே 7 சேவ்தான். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காற்றோடு கரண்ட்டும் போகும், அதை ஆட்டத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் சரியாக ஆடியும் பட்டன் வராமல் செத்தால் அது ஆட்டத்தின் குற்றம்தான். நேற்று ராத்திரி அப்படித்தான் மூன்று மணி நேரம் போனது.

எனவே நண்பனிடம் "வேண்டாம், விட்டுரு" என்று சொல்லிவிட்டேன். மேலே இவ்வளவு புகழ்ந்தது அத்தனையும் உண்மை, இன்று என் பதிலும் இதுதான். அவன் கேட்கவில்லை, எப்படியும் வாங்குவான். சரி, வாங்கினால் தோட்டா குறைவாகக் கிடைக்கும் நைட்மேர் மோடில் ஆடட்டும். தோட்டா தாராளமாகக் கிடைத்தால் இந்த ஊர் சுற்றுலாத் தலமாகிவிடும். பிப்ரவரி 2018இல் வந்த ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வையை, அதாவது நாயகனின் கண் வழியே பார்ப்பதை, முதல் தடவையே போட வேண்டாம். அப்புறம், முதல் பாகத்தை முடிக்காமல் இதைத் தொடவே கூடாது. அந்த இசை காதில் ஏறாதவனுக்கு அனிமா வெறும் இன்னொரு பேய்தான். முதல் பாகமும் அதே தள்ளுபடியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.