ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு ஜாஸ் ஆல்பம்

வியாசர்பாடி ஜீவாவில் ஏறி சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில்தான் இதை முதலில் கேட்டேன். இரண்டாவது பாட்டில் ஓர் அலறல். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யாரோ வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து. எல்லோரும் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். அலறியது மட்டானா ராபர்ட்ஸ்.

'காயின் காயின்' என்ற ஆல்ப வரிசையின் முதல் அத்தியாயம் இது, 2011இல் வந்தது. கனடாவில், மாண்ட்ரியாலில் ஒரு ஸ்டுடியோவில் சிறு கூட்டத்தை உட்காரவைத்து, அவர்கள் முன்னாலேயே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ராபர்ட்ஸ் சிகாகோக்காரர், ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். மொத்தம் 12 அத்தியாயங்கள் என்பது திட்டம். 18ஆம் நூற்றாண்டில் லூசியானாவில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, தன் பிள்ளைகளையும் மீட்ட மரி தெரேஸ் காயின்காயின் என்ற பெண்ணின் பெயர்தான் தலைப்பு.

என் ஆயா சாவு வீட்டில் மாரடித்து அழும்போது நடுவில் சட்டென்று பேச ஆரம்பித்துவிடும். செத்தவர் எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தார், துறைமுகத்தில் எத்தனை வருஷம் மூட்டை தூக்கினார், யாருக்குக் கொடுத்த கடன் திரும்பி வரவில்லை, எல்லாம் வரும். அழுகை எப்போது பேச்சானது, பேச்சு எப்போது பாட்டானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராத்திரி கானா பாட வருகிறவர்களும் அப்படித்தான். பெயரையும் பிள்ளைகளையும் விசாரித்துக்கொண்டு அங்கேயே வரி கட்டுவார்கள், டோலக் பின்னாலேயே ஓடும். இந்த ஆல்பத்தில் இருப்பது அதே மூச்சு. ராபர்ட்ஸ் பழைய படங்களும் கோடுகளும் ஒட்டிய தாள்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாராம். அதனால்தான் சாக்ஸபோன் பாதி வாக்கியத்தில் உடைந்து, மிச்சத்தைக் குரல் சொல்கிறது.

என் அடிவயிற்றைப் பிசைந்தது ஏலப் பாட்டு. அமெரிக்கப் பாடகர் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர் எழுதியது, ராபர்ட்ஸ் அதை அவருக்கே படையலாக வைத்திருக்கிறார். ஒரு பெண்ணை நிற்கவைத்து விலை கூறும் ஏலக்காரனாக இவர் பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் கொடுக்கிறார்கள். துள்ளலான மெட்டு. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். இங்கே மீன் கூடை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். என் கால் தாளம் போடுவதைக் கவனித்ததும் அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஒரு குறை சொல்லவேண்டும். வாத்தியங்கள் எல்லாம் கூட்டமாக மோதும் இடங்களில் சொற்கள் அமுங்கிப்போகின்றன. கதைதான் முக்கியம் எனும்போது அது இழப்புதான். அப்புறம், பாட்டுகளை உதிரியாகக் கேட்காதீர்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒரே இருப்பில் உட்காருங்கள்.

போன ஞாயிறு அம்மாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "யாருப்பா செத்தது?" என்று கேட்டார். காயின்காயின் கதையை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். "பசங்க எல்லாரையும் மீட்டுட்டாளா?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.