டிராமாட்டிகா மென்பொருள்: நம் தொடர்களுக்கு ஒத்துவருமா?

டிராமாட்டிகா கதை எழுதித் தராது. நீங்கள் எழுதிவைத்த கதைச் சுருக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டும். அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது. கதையே இல்லாமல் திறந்து உட்கார்ந்தால் நேரம்தான் வீண்.

மெலனி ஆன் ஃபிலிப்ஸ், கிறிஸ் ஹன்ட்லி இருவரும் வகுத்த கதைக் கோட்பாட்டின்மேல் எழுந்த மென்பொருள் இது, 1994இல் வெளிவந்தது. முழுமையான கதைக்கு நான்கு இழைகள் வேண்டும் என்கிறது. எல்லாரையும் இழுத்துவிடும் பொதுப் பிரச்சினை ஒன்று. முதன்மைப் பாத்திரத்தின் சொந்தச் சிக்கல் இன்னொன்று. அவரை அசைத்துப் பார்க்கும் ஆள் மூன்றாவது. அந்த இருவரின் உறவு நான்காவது. சூழ்நிலை, செயல், மாறாத மனப்போக்கு, எண்ணத்தை வளைத்தல் என்ற நான்கு களங்களில் ஆளுக்கொன்று ஒவ்வோர் இழைக்கும் சேரும்.

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் மசாலா அரைக்கும் குடும்பக் கடை ஒன்றை வைத்துப் பார்ப்போம். குத்தகை டிசம்பர் 31இல் முடிகிறது. கடையைக் காப்பாற்ற எல்லாரும் அலைகிறார்கள். ஆகவே பொதுக்கதையின் களம் செயல். அப்பா போனபின் பொறுப்பில் மாட்டிக்கொண்ட மூத்த மகள் முதன்மைப் பாத்திரம். அவள் சிக்கலின் களம் சூழ்நிலை. கடை கைமாறவே கூடாது என்று நிற்கும் பாட்டிதான் அவளை அசைத்துப் பார்க்கும் ஆள்; அவர் இழையின் களம் மாறாத மனப்போக்கு. இங்கே மென்பொருள் கறாராக இருக்கிறது. பொதுக்கதை செயலில் என்றால், உறவு இழை ஒருவர் மற்றவரின் எண்ணத்தை வளைக்கும் விதத்தில்தான் அமைய வேண்டும். 'பாட்டிக்கும் பேத்திக்கும் ரொம்பப் பாசம்' என்று எழுதித் தப்பிக்க முடியாது. பேத்தி கணக்கை மறைக்கிறாள், பாட்டி உடம்புக்கு முடியவில்லை என்று படுத்துக்கொள்கிறார் என்று காட்சியாக யோசிக்க வைக்கிறது. நம் தொடர்களில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது இந்த நான்காவது இழைதான். சண்டை நிறைய இருக்கும்; உறவு மட்டும் முதல் அங்கத்தில் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கதையின் இலக்கைத் துரத்துபவரும், யார் கண்வழியே நாம் பார்க்கிறோமோ அவரும் ஒரே ஆளாக இருக்கத் தேவையில்லை என்பது இன்னொரு அருமையான பாடம். தமிழ்ப் படக் கதாநாயகன் இரண்டையும் தானே சுமந்து பழகியவன். மசாலாக் கடைக்காக வழக்கறிஞரிடம் ஓடுபவர் மாமாவாக இருக்கட்டும், நாம் மகளோடு இருப்போம். கதை உடனே மூச்சுவிடுகிறது.

இனி மென்பொருள் கேட்கும் 12 முக்கியக் கேள்விகள். 32,768 கதை வடிவங்களில் தொடங்கி, பதில் சொல்லச் சொல்ல எண்ணிக்கை குறைந்து கடைசியில் ஒன்று மிஞ்சும். வரிசையாகப் பதில் சொல்லாதீர்கள். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லுங்கள்; ஊகித்துச் சொன்ன ஒரு பதில், பின்னால் உங்களுக்கு வேண்டிய வாய்ப்பை அடைத்துவிடும். இலக்கு நிறைவேறியதா, முதன்மைப் பாத்திரத்தின் மனம் ஆறியதா என்ற இரண்டிலிருந்து தொடங்குவது நல்லது. கடை போய்விட்டது, மகள் நிம்மதியாக இருக்கிறாள் என்ற முடிவு அப்போதுதான் கண்ணில் படும்.

கதையை முடிப்பது காலக்கெடுவா, வழிகள் தீர்ந்துபோவதா என்றும் ஒரு கேள்வி உண்டு. டிசம்பர் 31 என்று சொல்லிவிட்டு, அங்கங்களை நீட்டுவதற்காகக் கெடுவைத் தள்ளிவைத்தால் அதன்பின் எந்தக் கெடுவையும் பார்ப்பவர் நம்பமாட்டார்.

ஒவ்வோர் இழைக்கும் நான்கு கட்டங்கள், மொத்தம் 16. செயல் இழைக்குக் கற்றல், புரிதல், செய்தல், அடைதல். எது முன்னே, எது பின்னே என்பதை உங்கள் பதில்களை வைத்து மென்பொருளே சொல்லும். 13 அங்கத் தொடருக்கு 3, 3, 3, 4 என்று பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நான்கு இழைகளிலிருந்தும் ஒவ்வொரு கட்டத்தை வைத்தால் சரியாக உட்காரும். நூறு அங்கங்களைத் தாண்டும் தொடருக்கு ஒரே வடிவத்தை இழுத்தால் நடுவில் தொய்ந்துவிடும். பருவத்துக்கு ஒரு வடிவம் போடுங்கள்.

பெரிய குறை, காட்சியின் உணர்ச்சிக்கு இதில் தனி இடம் இல்லாதது. கதையின் கட்டமைப்பு கச்சிதமாக நிற்கும், காட்சி வறண்டு கிடக்கும். அதற்குத் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகள் கைகொடுக்கும். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை: காட்சிப் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எது என்று குறியுங்கள். அடுத்தடுத்து ஐந்து காட்சிகளில் அழுகையே வந்தால் அந்த அங்கத்தைத் திருத்தியாக வேண்டும்.

கலைச்சொற்கள் முழுக்க ஆங்கிலம், அதுவும் இதை உருவாக்கியவர்களே தனிப்பொருள் கொடுத்தவை. கோட்பாட்டு நூலை அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதைப் படித்துவிட்டு, உங்கள் கதையின் நான்கு இழைகளையும் தாளில் எழுதிப் பார்த்தபின் பணம் கட்டுங்கள். சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்குத்தான். மென்பொருள் வாங்க உதவாது.