கோல்ஃப்: கிரீன் ஓரத்தில் எந்தக் கிளப்? எட்டாம் நம்பர் அயர்னோடு சில வருடங்கள்

கோல்ஃபில் குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரைதான் கிரீன். அதற்கு வெளியே நாலைந்து எட்டு (காலடி) தள்ளிப் பந்து கிடந்தால் நான் முதலில் எடுப்பது எட்டாம் நம்பர் அயர்ன் என்கிற இரும்புத்தலைக் கிளப் (மட்டை). அது சரிவராத இடத்தில், முகம் இன்னும் சாய்ந்த பிட்சிங் வெட்ஜ். நடுவில் பங்கரோ (மணல்குழி) மேடோ குறுக்கிட்டால்தான் 56 டிகிரி சாய்வுள்ள சாண்ட் வெட்ஜ். 60 டிகிரி ஒன்றும் பையில் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு. சில வருடங்களாக எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்த பிறகு வந்து நின்ற வரிசை இது. சிப்பிங்குக்கு, அதாவது கிரீன் ஓரத்துக் குட்டை அடிக்கு, வெட்ஜ் வாங்கலாமா, அதற்கென்றே வரும் சிப்பர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் ஆட்டம் இரண்டு வகைத் தரையில் நடக்கிறது. பழகுவது சோழவந்தான் பக்கம் மச்சானின் தென்னந்தோப்பில். சித்திரை, வைகாசியில் அந்தத் தரை சிமெண்ட் களம் மாதிரி இறுகிக் கிடக்கும், புல் என்று பேருக்கு ஏதோ இருக்கும். ஆடுவது கொடைக்கானலில், 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப்பில். வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போனால் பச்சைப் புல், ஈரமண், நடுநடுவே காட்டெருமைக் குளம்படிகள். அந்த உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் டிரைவரில் (தூர அடிக்கான கிளப்) அடிக்கும் பந்து கூடுதல் தூரம் போகும், சிப்பில் அந்த வித்தியாசம் தெரியாது. தெரிவதெல்லாம் தரையின் வித்தியாசம்தான். கிளப் தேர்வு முழுக்க அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் எட்டாம் நம்பர். சிப் என்பது கொஞ்சம் பறந்து நிறைய உருள வேண்டிய அடி. எவ்வளவு பறக்கும், எவ்வளவு உருளும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 12-இலிருந்து அயர்ன் நம்பரைக் கழியுங்கள். எட்டாம் நம்பர் என்றால் மிச்சம் 4, அதாவது ஒரு பங்கு பறந்தால் நாலு பங்கு உருளும். ஒன்பதுக்கு மூன்று, ஏழுக்கு ஐந்து, பிட்சிங் வெட்ஜைப் பத்து என்று வைத்துக்கொண்டால் இரண்டு. பந்து கிரீன் விளிம்புக்கு இரண்டு எட்டு வெளியே கிடக்கிறது, குழி விளிம்பிலிருந்து பதின்மூன்று எட்டு உள்ளே என்று வையுங்கள். விளிம்பைத் தாண்டி ஓர் எட்டு உள்ளே பந்தை இறக்க நினைத்தால் பறக்க வேண்டியது மூன்று எட்டு, உருள வேண்டியது பன்னிரண்டு. எட்டாம் நம்பரை எடுக்கலாம். இது சமதளத்துக்கான கணக்கு. ஏற்றம் என்றால் ஒரு நம்பர் குறைத்து ஏழு, இறக்கம் என்றால் ஒன்பதோ பிட்சிங் வெட்ஜோ.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம்பரை நம்பாதீர்கள், டிகிரியை, அதாவது முகத்தின் சாய்வை (லாஃப்ட்) பாருங்கள். என் பழைய செட்டில் எட்டாம் நம்பர் 38 டிகிரி. இப்போது வரும் பல செட்டுகளில் 34, 35 டிகிரிக்கே எட்டு என்று முத்திரை குத்துகிறார்கள், தூரம் கூடுதலாகப் போகிறது என்று காட்ட. அந்த எட்டை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டால் பந்து குழியைத் தாண்டி ஓடிவிடும். உங்கள் செட்டின் லாஃப்ட் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடிக்கும் விதம் கிட்டத்தட்ட புட்டிங்தான், கிரீனில் புட்டரால் பந்தை உருட்டுவது மாதிரி. கைப்பிடியின் கீழ்நுனி வரை இறக்கிப் பிடித்து, பந்துக்கு அருகே நின்று, கிளப்பின் குதிகாலை (தலையில் தண்டை ஒட்டிய பக்கம்) சற்றே தூக்கி, மணிக்கட்டை மடக்காமல் தோளால் ஆட்ட வேண்டும். இந்த முறைக்குப் பேர்போனவர் அமெரிக்காவின் பால் ரன்யன். 1938-இல், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் தன்னைவிட எவ்வளவோ தூரம் அடிக்கக்கூடிய சாம் ஸ்னீடை 8–7 என்று, அதாவது ஏழு குழிகள் மிச்சமிருக்கும்போதே எட்டுக் குழி முன்னிலையில், தோற்கடித்தார். உயரமும் பலமும் இல்லாத மனிதர், கிரீன் ஓரத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டினார். நம் வயசுக்காரர்களுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் வேண்டுமா?

அடுத்து சாண்ட் வெட்ஜ். என்னுடையதன் அடியில் 56, 12 என்று இரண்டு எண்கள். முதலாவது லாஃப்ட், இரண்டாவது பவுன்ஸ். வாங்கும்போது எல்லோரும் முதல் எண்ணைத்தான் கேட்கிறார்கள், இரண்டாவதுதான் உண்மையில் பேசும். கிளப்பின் அடிப்பாகம் முன் விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதே பவுன்ஸ். மணலிலும் ஈரமண்ணிலும் அது கிளப்பைப் புதையவிடாமல் காப்பாற்றும். காய்ந்த தரையில் கதை தலைகீழ்: கண்மாயில் தவ்வவிட்ட ஓட்டுச்சில்லு மாதிரி அடிப்பாகம் துள்ளி, முன் விளிம்பு பந்தின் வயிற்றில் போய் மோதும். பந்து தரையை ஒட்டிச் சீறிக்கொண்டு கிரீனின் அந்தப் பக்கம் போய் நிற்கும். கோடையில் தோப்பில் இது வாடிக்கை. அதே கிளப் ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலின் சொதசொதத்த புல்லில் தங்கம். கிளப்பின் மேல் தப்பில்லை. தரைக்குத் தக்க பவுன்ஸ் வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் காய்ந்த, இறுகிய தரையில் ஆடுகிறவர் 6 முதல் 8 வரை உள்ளதை வாங்கலாம். மெத்தென்ற தரைக்கும் மணலுக்கும் 12-க்கு மேல். எட்டாம் நம்பருக்கு இந்தத் தொல்லை குறைவு, காய்ந்த தரையிலும் பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொள்ளும்.

60 டிகிரி பார்க்க அழகு. தொலைக்காட்சியில் அதை வைத்துப் பந்தை நட்டுக்குத்தலாகத் தூக்கி, சொத்தென்று குழியருகே இறக்குவார்கள். அதற்கு முழு வீச்சு வேண்டும், முழு வீச்சுக்குத் தினசரிப் பயிற்சி வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் கிளப்பைத் தொடுகிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொடைக்கானலில் பை சுமந்து வரும் வயதில் மூத்த கேடி ஒருவர் எப்போதும் சொல்வது: “சார், பறக்க விடாதீங்க, உருட்டுங்க.” மச்சானின் கட்சி இன்னும் கறாரானது: “மாப்ள, இம்புட்டுத் தூரம் உருட்டுறதுக்கு இத்தனை கம்பு எதுக்கு?” அவர் கோல்ஃப் ஆடாதவர். ஆனாலும் பாதி சரி.

சிப்பர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லாஃப்ட் பெரும்பாலும் 35, 37 டிகிரி, நீளம் புட்டர் அளவு. இரவல் வாங்கி ஆடிப் பார்த்தேன். பந்து நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் எட்டாம் நம்பர் செய்யாத எதையும் அது செய்யவில்லை. பையில் 14 கிளப்தான் இருக்கலாம் என்ற வரம்பில் ஓர் இடத்தை வேறு பிடித்துக்கொள்கிறது. வாங்கியே தீருவது என்றால் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் அடிக்கிற மாதிரி வரும் சிப்பர் போட்டியில் செல்லாது. இரட்டை முகம் புட்டருக்கு மட்டுமே அனுமதி, புட்டரின் லாஃப்ட் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. புட்டர் மாதிரி தட்டைக் கைப்பிடி போட்ட சிப்பரும் செல்லாது.

விளிம்பை ஒட்டிக் கிடக்கும் பந்துக்குப் புட்டரே போதும், புல் குட்டையாகவும் உலர்ந்தும் இருந்தால்.

காலைப் பனி தனி விவகாரம். கொடைக்கானலில் முதல் சில குழிகளை ஆடும்போது கிரீன் நனைந்திருக்கும், பந்து உருளாமல் இழுக்கும். அப்போது நான் ஏழாம் நம்பருக்குப் போய்விடுவேன். வெயில் ஏறியதும் மறுபடி எட்டு. வெட்ஜைப் பயன்படுத்தினால் முகத்தையும் பந்தையும் துடைத்துவிட்டு அடிப்பது நல்லது. ஈரம் இருந்தால் சுழற்சி பிடிக்காது, நிற்க வேண்டிய பந்து ஓடும்.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, ஈரத்துணி ஒன்று, கிளப் முகத்துக் கோடுகளில் ஒட்டும் செம்மண்ணை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். குரோம் பூசாத வெட்ஜ் துருப்பிடிக்கும், அது ஆட்டத்தைக் கெடுக்காது. மதுரை வெயிலில் பையைக் கார் டிக்கியிலேயே போட்டுவைப்பதுதான் கெடுதல், ரப்பர் கைப்பிடி சீக்கிரமே வழவழத்துவிடுகிறது.

பழைய வெட்ஜ் வாங்குகிறவர்கள் கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பழைய எட்டாம் நம்பருக்கு அந்தக் கவலை கூட வேண்டாம், உருட்டத்தான் போகிறோம்.