புத்தகக் கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 63,720 ரூபாயும் இரண்டு பதிவேடுகளும் போன கதை

"உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று எனக்கு மென்பொருள் விற்ற நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை ஒரே வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். புகார் எதுவும் முடியவில்லை. முடிந்தது என்னுடைய 63,720 ரூபாய்தான்.

திருச்சியில் சிறிய தமிழ்ப் புத்தகக் கடை ஒன்றை நடத்துகிறேன். ஏறத்தாழ ஒன்பதாயிரம் தலைப்புகள் இருக்கும். புத்தகக் கடைகளுக்கென்றே உருவாக்கியது என்று சொல்லி விற்கப்படும் ஓர் இருப்புக் கணக்கு மென்பொருளை வாங்கித்தான் ஏமாந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அவர்கள் எனக்குக் காலத்தோடு அனுப்பிய முதல் கடிதமும் அதுவாகத்தான் இருக்கும்.

நம்பிய கணத்தை நினைக்கும்போதுதான் அதிகம் கோபம் வருகிறது. ஜூன் மாதம் அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி மடிக்கணினியும் ஸ்கேனருமாகக் கடைக்கு வந்தார். கல்லாவுக்கு எதிரே உள்ள அலமாரியிலிருந்து தாமே ஒரு குறுந்தொகை உரையை உருவி, பின்னட்டையில் இருந்த பட்டைக்குறியின் மேல் ஒளியைக் காட்டினார். தலைப்பு, உரையாசிரியர், பதிப்பகம், விலை எல்லாம் பிழையற்ற தமிழில் திரையில் வந்து நின்றன. அடுத்தடுத்து ஐந்தாறு புத்தகங்களை எடுத்தார், அத்தனையும் வந்தன. இருபது ஆண்டுகளாக நோட்டில் கோடு போட்டு இருப்பெழுதியவனுக்கு அது மாயம் போலத்தான் இருந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு அதே நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து, தலைப்புகளின் எண்ணிக்கையை மதிப்பிட வேண்டும் என்று சொல்லி, அதே அலமாரியைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்றிருந்தது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. பின்னர் மென்பொருள் என் கைக்கு வந்தபோது பார்த்தேன்: அந்த அலமாரியின் அறுபது சொச்சம் புத்தகங்கள் மட்டும்தான் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன, பதிவான தேதியும் அவர் வந்து காட்டியதற்கு முந்தைய நாள்.

மூன்றாண்டு உரிமத்துக்கு 36,000 ரூபாய், ஒரு தலைப்புக்கு 2 ரூபாய் வீதம் பதிவேற்றக் கூலி 18,000 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து 18 விழுக்காடு ஜிஎஸ்டி 9,720 ரூபாய். ஆக 63,720 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினேன். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், நாம் வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியிலிருந்து கழித்துக்கொள்ளவும் வழியில்லை என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதிவேற்றத்துக்காக என் நான்கு இருப்புப் பதிவேடுகளையும் கேட்டார்கள். கடையில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் அம்மா, "சார், நோட்டை மட்டும் கையைவிட்டுக் கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க" என்றார். நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வந்த பதிவைத் திறந்து பார்த்தால், 'திருக்குறள்' என்று ஒரே ஒரு வரி, இருப்பு 212 என்றிருந்தது. என்னிடம் இருப்பவை வெவ்வேறு பதிப்பகங்கள் வெவ்வேறு உரைகளோடு வெவ்வேறு விலைகளில் வெளியிட்ட இருபத்து மூன்று திருக்குறள்கள். தலைப்பை மட்டும் தட்டச்சு செய்து, ஒரே பெயராக வந்ததையெல்லாம் ஒன்றாகக் கூட்டியிருக்கிறார்கள். பாரதியார் கவிதைகளுக்கும் அதே கதிதான். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண்ணே இருக்காது; அத்தகைய புத்தகங்களுக்கெல்லாம் ஏதோ ஓர் எண்ணைத் தாமாகவே இட்டிருந்தார்கள், அதில் ஒரே எண் மூன்று நான்கு புத்தகங்களுக்கு வந்திருந்தது. பழைய எழுத்துருவில் அடித்ததை அரைகுறையாக ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியே போய் நின்றுவிட்டதால், 'கொ' என்று தேடினால் 'கொ'வில் தொடங்கும் ஒரு புத்தகமும் அகப்படாது. விற்ற பிறகு பணம் தருவதாகப் பதிப்பகங்களிடம் வாங்கி வைத்திருந்த புத்தகங்களை எல்லாம் என் சொந்தக் கொள்முதலாகச் சேர்த்திருந்ததால், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதும் குழம்பிப் போனது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு மென்பொருளோடு போனேன். இணையம் இல்லாத இடத்திலும் பில் போடலாம் என்று அந்தப் பிரதிநிதி உறுதியாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கு நிறையக் கூட்டம் நிற்கும்போது 'இணைப்பு இல்லை' என்று திரை உறைந்துவிட்டது. இணைப்பு வந்த சிறிது நேரத்தில் அடித்த பில்களிலோ புத்தகத்துக்கு 18 விழுக்காடு வரி ஏறியிருந்தது. ஒரு பெரியவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திருடன் என்றார். அவர் மேல் தவறில்லை. அன்று இரவுவரை பில் புத்தகத்தில் கையால் எழுதித்தான் சமாளித்தோம்.

அதற்குப் பிறகு அலைக்கழிப்பு தொடங்கியது. முதல் வாரம், "டீமிடம் சொல்லியிருக்கிறேன் சார்." இரண்டாவது வாரம், "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்." மூன்றாவது வாரம், நான் கொடுத்த பதிவேடுகளிலேயே தவறு இருப்பதாக ஒரு குற்றச்சாட்டு. பிரதிநிதி வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அவருக்குப் பதில் வந்த பெண்ணோ முதல் அழைப்பிலேயே ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பற்றித்தான் பேசினார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். சரி, என் பதிவுகளையாவது எக்செல் கோப்பாகக் கொடுங்கள் என்றேன். அதற்கு உயர்திட்டத்துக்கு மாற வேண்டுமாம், மேலும் 12,000 ரூபாயாம். என் புத்தகங்களின் பட்டியலை எனக்கே விற்கிறார்கள். நான்கு பதிவேடுகளில் இரண்டுதான் திரும்பி வந்தன. எந்தப் பதிப்பகத்தின் எந்தப் புத்தகம் இனி அச்சில் வராது, எந்த வாசகர் எதைக் கேட்டுவிட்டுப் போனார் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தவை மற்ற இரண்டும். கூரியரில் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், ரசீது எண்ணைக் கேட்டால் அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

இப்படி வாங்கப் போகிறவர்களுக்காகப் பத்து எச்சரிக்கைகளாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபத்தில் மூன்று நான்குதான் கோவையாக வருகின்றன. செயல்விளக்கத்துக்குப் புத்தகத்தை அவர்கள் எடுக்க விடாதீர்கள். பின் அலமாரியிலிருந்து ஐஎஸ்பிஎன் இல்லாத, பழுப்பேறிய ஒன்றை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அவர்கள் கண்ணெதிரே மோடத்தை அணைத்துவிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள். மூன்றாண்டுப் பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். பதிவேட்டின் மூலத்தை யாரிடமும் தராதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அந்த நிறுவனத்தார் வாதிடக்கூடும் என்றும், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். 63,720 ரூபாய்க்கான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லையாம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். செப்டம்பர் முடிவதற்குள் பதிப்பகங்களுக்குக் கணக்குத் தர வேண்டும், அந்த அம்மா புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டு முதல் அலமாரியின் முன்னால் காத்திருக்கிறார்.