நீக்கல் விவாதத்தில் மலேசியத் தமிழர்கள்: ஒரு விக்கிப்பீடியா அனுபவம்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை வைத்துக்கொள்வதா தூக்குவதா என்று நடக்கும் விவாதங்களில் பல வருடங்களாகக் கலந்துகொள்கிறேன். எல்லாவற்றையும் பார்க்க நேரம் ஏது? நாடுவாரியாகப் பிரித்த பட்டியல் உண்டு. அதில் மலேசியாவை மட்டும் பார்ப்பேன். அங்கே நாள் கணக்கு உலக நேரப்படி ஓடுவதால், புதுப் பட்டியல் நமக்குக் காலை 8 மணிக்குத்தான் தொடங்கும். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எல்ஆர்டி ரயிலில் நெருக்கியடித்துப் போகும்போது படிக்கச் சரியாக இருக்கிறது.

நடைமுறையில் பெரிய சிக்கல் இல்லை. ஒருவர் காரணம் சொல்லி, கட்டுரையை நீக்க முன்மொழிவார். 7 நாள் பேசுவார்கள்: வைத்திரு, நீக்கு, இன்னொரு கட்டுரையோடு சேர், வழிமாற்று (தேடி வருகிறவரை வேறொரு கட்டுரைக்கு அனுப்பு). கருத்துகள் போதாவிட்டால் மேலும் ஒரு வாரம் நீட்டிப்பார்கள். ஒத்த கருத்தே வராவிட்டால் கட்டுரை பிழைக்கும். 2005 வரை இதை வாக்கெடுப்பு என்றுதான் அழைத்தார்கள். பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் நம்மவர்களுக்கு அந்த நினைப்பு போகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு ஆள் திரட்டுவார்கள். அன்றைக்குத் திறந்த கணக்குகள் வரிசையாக வந்து "இவர் நம் சமுதாயத்தின் பெருமை" என்று எழுதிவிட்டுப் போகும். விவாதத்தை முடித்துவைப்பவர் தலையை எண்ணுவதில்லை, வாதத்தைத்தான் பார்ப்பார். கூட்டம் சேர்த்தால் கட்டுரைக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம்.

அங்கே கேட்கப்படுவது ஒன்றுதான்: சம்பந்தமில்லாத யாராவது, நம்பகமான இடத்தில், இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? மலேசியாவில் கௌரவமாகத் தரும் டத்தோ பட்டமோ பொன்னாடையோ அதற்குப் பதில் ஆகாது. டத்தோக்களின் கட்டுரைகள் போனால் எனக்கு வருத்தமும் இல்லை. படித்தாலே கூலிக்கு எழுதிய வாடை அடிக்கும்.

வருத்தமெல்லாம் ரப்பர் தோட்டத்து ஆட்களைப் பற்றித்தான். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அன்றைய ஆங்கிலச் செய்தித்தாள்களே அதை எழுதின. யாரும் அவர் கட்டுரையில் கைவைக்க முடியாது. அதே காலத்தில் தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்தி, ராத்திரியில் நாடகம் போட்ட வாத்தியாரை ஆங்கிலத்தாள் எதற்குக் கண்டுகொள்ளப் போகிறது? தமிழ்த்தாள்தான் எழுதியிருக்கும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய தாள்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, அங்கே வரும் தமிழ் நாளிதழான தமிழ் முரசும் அதில் உண்டு. ஆனால் கோலாலம்பூரில் 1924 முதல் வந்து 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசனின் பழைய செய்தி, கூகுளில் தேடுகிறவர் கண்ணில் படுவதில்லை. முன்மொழிகிறவர் முதலில் தேடிப் பார்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தேடுகிறார்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். ஒரு சாமிநாதனையே நான்கைந்து விதமாக எழுதுகிற நாடு இது. ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

நான் இன்னும் இதில் இருப்பதற்கு ஒரு விதிதான் காரணம். ஆதாரம் இணையத்தில் இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலத்திலும் இருக்க வேண்டியதில்லை. தாளின் பெயர், தேதி, பக்கம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் கொடுத்தால் போதும், விவாதத்தின் போக்கே மாறிவிடும். அப்படி ஒரு நாடகக்காரர் கட்டுரைக்கு நூலகத்திலிருந்து பழைய செய்திகளை எடுத்துப் போட்டோம். "இது முழுக் கட்டுரையா, நிகழ்ச்சி அறிவிப்பா?" என்று ஒருவர் துருவித் துருவிக் கேட்டார். எரிச்சலாக இருந்தாலும் நியாயமான கேள்வி. ஒன்று அறிவிப்புதான், மற்றவை தாங்கின, கட்டுரை தப்பியது.

தாங்காதது எது என்றால் விழா மலர். கும்பாபிஷேக மலர், பள்ளிப் பொன்விழா மலர், சங்க ஆண்டு மலர் என்று நம் வரலாற்றில் கணிசமான பகுதி அவற்றில்தான் கிடக்கிறது. கோயில் தன் மலரில் தன்னைப் புகழ்ந்துகொள்வதைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளி எந்த வருடம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாறியது என்பதற்கு அந்த மலரை விட்டால் வேறு யாரிடம் கேட்பது? இந்த மாதிரித் தகவலுக்கு மலரைக் காட்டலாம், கட்டுரையே இருக்கலாமா என்பதற்கு மட்டும் அது உதவாது. இந்த வித்தியாசத்தைப் புரியவைப்பதில்தான் என் நேரம் பாதி போகிறது, பெரும்பாலும் நம்மவர்களுக்கே.

கட்டுரை இருப்பதையும் போவதையும் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு மனம் நோகிறவர்களுக்கு, இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்டைச் சொல்வேன். அவரைப் பற்றிய வரைவை, அதாவது இன்னும் கட்டுரையாக ஏறாத பக்கத்தை, 2018 மே மாதம் ஆதாரம் போதாது என்று திருப்பினார்கள். அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

புதிதாக வருகிறவர்கள் சொந்த ஊர்க் கோயிலையும் சொந்தத் தாத்தாவையும் விட்டுவிட்டு, அறிமுகமே இல்லாத ஒரு கட்டுரையில் தொடங்குங்கள். கோபம் குறைவாக வரும். உங்கள் கட்டுரை நீக்கப்பட்டாலும், நிருவாகியிடம் தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் வரைவாக மீட்டுக் கொடுப்பார்கள். ஆனால் 6 மாதம் யாரும் தொடாமல் கிடந்தால் அந்த வரைவும் நீக்கப்படலாம். நூலகத்துக்கு அடுத்த பள்ளி விடுமுறையில் போகலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், நடுவில் ஒரு ஆதாரத்தையாவது வரைவில் சேர்த்து வையுங்கள். அந்த 6 மாதக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.